தாழ்ப்பாளில் கட்டிய துண்டு

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்தது எட்டு வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு லைன் வீட்டில். எட்டு வீட்டு ஆண்களுக்கும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அதனால் எந்த நேரத்தில் பார்த்தாலும் ஏதோ ஒரு வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அது எந்த வீடு என்று தெரிந்துகொள்ள எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் படுத்ததும் அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து வெளித் தாழ்ப்பாளில் கட்டிவிடுவோம். துண்டு தொங்கும் கதவை யாரும் தட்டக் கூடாது, அந்த வாசலில் நின்று சத்தமாகப் பேசக் கூடாது. கீரைக்காரம்மாகூட அந்த வாசலை வாய் திறக்காமல் தாண்டிப் போய் அடுத்த வாசலில்தான் கூவ ஆரம்பிப்பாள். ஒருமுறை குழாயடியில் எனக்கும் நாலாவது வீட்டுக்காரிக்கும் சண்டை வந்தபோது பக்கத்துக் கதவில் துண்டு கட்டியிருந்தது. இரண்டு பேரும் குசுகுசுவென்றே திட்டிக்கொண்டோம். அப்படிச் சண்டை போட்டதில் எனக்குத் திருப்தியே இல்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் வாயால்தான் இந்தக் கதையில் நடக்கக் கூடாத ஒன்று நடந்தது.

என் வீட்டுக்காரருக்கு இரும்புக் கம்பி இழுக்கும் மில்லில் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டியை உருளைகளுக்கு நடுவில் விட்டு விட்டு எடுப்பார்கள், கடைசியில் அது நீளக் கம்பியாக வெளியே ஓடிவரும். மின்சாரக் கட்டணம் ராத்திரியில் குறைவு என்பதால் அந்த மில் ராத்திரியில்தான் முழு வேகத்தில் ஓடும். இடுக்கி பிடித்து உருளைக்கு முன்னால் நிற்கும் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. பேச்சு குறைவான மனிதர். மில்லில் சத்தம் அதிகம் என்பதால் கையைக் காட்டியே வேலை வாங்கிப் பழகி, வீட்டிலும் பாதி விஷயத்தைக் கையாலேயே முடித்துவிடுவார்.

கடம்பத்தூரில் என் பிறந்த வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர் படுப்போம். கல்யாணமாகி இங்கே வந்தபோதுதான் முதல் முறையாகத் தனியாகப் படுத்தேன். அவர் ஒன்பது மணிக்கு மில்லுக்குக் கிளம்பிப் போனால் எனக்குத் தூக்கம் வராது, பயம்தான் வரும். அதனால் விளக்கைப் போட்டுக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தேன். துணி தைத்தேன், பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தேன். காலையில் அவர் வந்ததும் நாஷ்டா சாப்பிட்டு, கதவில் துண்டைக் கட்டிவிட்டு, இரண்டு பேரும் தூங்கினோம். "பக்கத்தூட்டு அக்காவ துணைக்குப் படுத்துக்கச் சொல்றேன், நீ ராத்திரில தூங்குமே" என்று அவர் சொன்னார். ஒரு தடவை அல்ல, பல தடவை சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். அவர் தூங்கும்போது நானும் தூங்குவது எனக்குப் பிடித்திருந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு இதையே நான் வேறு மாதிரி சொன்னேன்.

உண்டான பிறகும் அதே கதைதான். குழாயடியில் பெண்கள் என்னைக் கிண்டல் செய்தார்கள். "வயித்துல கீற கொழந்தைக்கு எது ராத்திரி எது பகல்னே தெரியாம பூடப்போவுது பாரு" என்றாள் நாலாவது வீட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன்.

மகள் பிறந்தாள். அழவே மாட்டாள். பசித்தாலும் அழமாட்டாள், நான்தான் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். கழுத்து நிற்க நாளானது, உட்கார நாளானது, நடக்க ரொம்பவே நாளானது. தூக்கினால் உடம்பு தொளதொளவென்று கையில் வழியும். இருந்தாலும் இவ்வளவு சாதுவான குழந்தை யாருக்குக் கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றரை வயதுக்கு மேல்தான் எல்லாம் தலைகீழானது. சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் தூங்கிவிடுவாள். நள்ளிரவில் ஒரு தடவை விழிப்பாள், மூன்று மணிக்கு மறுபடி விழிப்பாள், அதோடு அவளுக்குப் பொழுது விடிந்துவிடும். அரிசி டப்பாவைக் கவிழ்ப்பாள், சுவரில் முட்டிக்கொள்வாள், ஆண்பிள்ளை மாதிரி கரகரத்த குரலில் கத்துவாள். காலை பத்து மணிக்கு மேல் ஆள் துவண்டுபோவாள். பதினொன்று, பன்னிரண்டுக்கு வாயில் சோற்றை வைத்துக்கொண்டே தூங்கிவிடுவாள். அந்த நேரத்தில் தட்டி எழுப்பினால் வெறி வந்ததுபோல் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். கால் விரல் நகத்தைப் பிய்த்து எடுத்துவிடுவாள். அவளுக்கு வலிக்காது, ரத்தத்தைப் பார்த்து நான்தான் அழுவேன்.

ஆனால் சந்தோஷம் வந்துவிட்டால் அவளைப் போல ஒருத்தி இல்லை. இரண்டு கைகளாலும் தன்னையே கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, உடம்பு நடுங்க இறுக்குவாள். அப்பா மில்லிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினால் போதும், உடனே அந்தக் கட்டிக்கொள்ளல்தான். காலண்டர், பழைய நோட்டு எது கிடைத்தாலும் விரலை நக்கி நக்கிப் பக்கம் புரட்டுவாள். "ஆபீசர் பைல் பாக்குறாரு" என்பார் அவர்.

உள்ளூர் டாக்டர் சிரப் கொடுத்தார், வளர்ந்தால் சரியாகும் என்றார். சுனாமி வந்தபோது அவளுக்கு மூன்றரை வயது. எங்கள் லைனில் எல்லாரும் மிரண்டுபோய் இரண்டு ராத்திரி தூங்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டு ராத்திரிதான் என் மகள் மற்றவர்களோடு சேர்ந்து விழித்திருந்தாள். அன்றைக்கு யாரும் அவளைக் குறை சொல்லவில்லை.

ஐந்து வயதில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். மூன்றாவது வாரமே டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "காலைல ஒரு மணி நேரம் நல்லா இருக்கா. அப்புறம் பெஞ்சுலேயே படுத்துத் தூங்கறா. எழுப்பினா பக்கத்துல இருக்கற பசங்கள அடிக்கிறா. தூக்கத்த சரிபண்ணிட்டுக் கூட்டினு வாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு, தூங்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க நடந்து வந்தது எனக்கு அவமானமாக இருந்தது.

அன்றைக்குப் பார்த்து பொன்னேரியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சட்டென்று சொன்னாள்: "மாசமா இருக்கசொல்ல ராத்திரியெல்லாம் முழிச்சிகினு, பகலெல்லாம் தூங்கிகினு இருந்தா புள்ள பின்ன எப்படி இருக்கும்? ஆத்தா பழக்கம் புள்ளைக்கு."

வாசலில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லார் மனதிலும் அதுதான் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. என் மனதிலும் அதுதான் இருந்தது, ஐந்து வருஷமாக. அந்தப் பழியை என்னால் அன்றைக்குச் சுமக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவர் மேல் தூக்கிப் போட்டேன்.

"நான் இன்னா ஆசப்பட்டா முழிச்சிகினு இருந்தேன்? இதோ நிக்கிறாரே உங்க தம்பி, இவர கேளுங்க! வயித்துல இருக்கசொல்லயே என் புள்ளைக்கு நைட் ஷிப்ட் போட்டவரு இவருதான். இவரு ஒழுங்கா ராத்திரி ஊட்ல இருந்திருந்தா நான் ஏன் முழிச்சிகினு இருக்கப்போறேன்? என் பொண்ணு வாழ்க்கைய கெடுத்தது இவருதான்!"

அன்றைக்குப் பார்த்து எந்தக் கதவிலும் துண்டு இல்லை. எட்டு வீட்டுக்கும் கேட்டது. பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குப் படுக்கச் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அக்காவே அங்கேதான் நின்றிருந்தாள், அவளுக்கும் அது தெரியும். அவரோ மகளை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த வாரம் மில்லில் போய் நைட் ஷிப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பகலில் உருளை ஓடாது, யார்டில் கம்பிக் கட்டுகளைக் கட்டி லாரியில் ஏற்றும் வேலைதான் இருந்தது. மேஸ்திரியாக இருந்தவர், நேற்று வரை தன் கையசைவுக்கு வேலை செய்த பையன்களோடு சேர்ந்து கட்டுக்கம்பி முறுக்கினார். வீட்டுக்கு வந்து, "இனிமே ராத்திரி ஊட்ல இருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அப்போதே நான் சொன்னதைத் திரும்ப எடுத்திருக்கலாம். திட்டுவதற்கு நீளும் வாய் மற்றதற்கு நீளாது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். வேறு எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் அதைச் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்து ஷிப்ட் ஆட்கள் எல்லாருக்கும் ஒரு வித்தை தெரியும். 'உடம்பைத் திருப்புவது' என்பார்கள். நைட்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாறும்போது, நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை பூராவும் படுக்கவே கூடாது. உட்காரக் கூடாது. ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும். முக்கியமாகச் சுவரில் சாயக் கூடாது, சாய்ந்தால் போச்சு. ராத்திரி வரை தாக்குப் பிடித்தால் உடம்பு தானாகத் திரும்பிவிடும். அவர் அப்படித்தான் தன் உடம்பை மூன்றே நாளில் திருப்பினார்.

"எனக்கு மூணு நாளாச்சி. சின்ன ஒடம்பு, ஒரு வாரத்துல திரும்பிடும்" என்றார் மகளைப் பார்த்து. அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. தன்னால் வந்த கோளாறு, தனக்குத் தெரிந்த வேலையாலேயே சரியாகிவிடும் என்று நம்பினார். நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தோம். அவள் கண் சொருகும்போதெல்லாம் முகத்தில் தண்ணீர் தெளித்தோம். ஈரத் துணியைக் கழுத்தில் சுற்றினோம். அவர் ஒரு கை, நான் ஒரு கை பிடித்துக்கொண்டு வாசலுக்கும் குழாயடிக்கும் நடத்தினோம். கால் பின்னிக்கொண்டு வரும், தலை தொங்கும், அப்படியே இழுத்துக்கொண்டு நடப்போம். "சுவத்துல சாயாத" என்பதுதான் எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட வார்த்தை. மற்ற நாட்களில் அவர் வேலைக்குப் போய்விடுவார், நான் ஒருத்தியே அந்த வேலையைச் செய்தேன். லைனில் இருந்தவர்களும் ஒத்தாசை செய்தார்கள். யார் வீட்டு வாசலில் அவள் குந்தினாலும் கையைத் தட்டி எழுப்பிவிட்டார்கள். எல்லாரும் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள்.

ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது. ராத்திரி மூன்று மணி அப்படியேதான் இருந்தது. பகல்தான் நரகமானது. தூக்கம் இல்லாத பிள்ளை கடித்துக் கடித்து மணிக்கட்டு கன்றிக் கறுத்துப்போனது. ஒருநாள் மதியம் அவள் சாய்ந்துகொண்டே போனபோது நான் பொறுமையிழந்து தோளில் ஓங்கி அடித்தேன். அவள் அழவில்லை. தலையணையை எடுத்துவந்து சுவரோரம் நிறுத்தி, அதைப் பார்த்துக் கரகரத்த குரலில் "சாயாத, சாயாத" என்றாள். இப்போது எழுதும்போதும் அந்தக் குரல் கேட்கிறது. அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். நாங்கள் மூன்று மாதம் விடவில்லை.

மணிக்கட்டுப் புண் சீழ் பிடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பொன்னேரியில் மருந்து கட்டிய டாக்டர், காயத்தை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினோம். மீஞ்சூர் தாண்டும் முன்பே அவள் தலை தொங்கியது. அவர் ஜன்னலைத் திறந்து காற்று முகத்தில் படும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டார். அத்திப்பட்டில் ஏறிய ஒரு அம்மா, "தூங்கட்டுமேய்யா, கொழந்தய ஏன் பேஜாரு பண்ற?" என்றாள். அவர் சிரித்துவைத்தார்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது சின்ன வயது டாக்டரம்மா. மகளிடம் டார்ச் லைட்டைக் கொடுத்தார். அவள் அதை அமுக்கிப் பார்த்தாள், வெளிச்சம் வந்ததும் தன்னையே கட்டிக்கொண்டு உடம்பை இறுக்கினாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஒரு நோட்டை அவள் பக்கம் தள்ளினார். இவள் விரலை நக்கி நக்கிப் பக்கம் புரட்ட ஆரம்பித்தாள்.

"ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கே எழுந்துக்கறாளா?" என்றார்.

நான் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பகல்ல சோறு சாப்பிடும்போதே தூங்கிடறாளா? நகத்தப் புடுங்கிக்கறாளா? கொழந்தையா இருக்கும்போது அழாம அமைதியா இருந்தாளா?"

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினோம். டாக்டரம்மா எழுந்துபோய் ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படம். அகன்ற முகம், உள்ளே அழுந்திய மூக்கு, வில்லாக வளைந்த மேலுதடு. தலைமுடியும் நிறமும்தான் வேறு, முகம் என் மகளின் முகம். இவ்வளவு நாள் அவள் என் சாயலா அவர் சாயலா என்று இரண்டு குடும்பமும் அடித்துக்கொண்டிருந்தது. கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் பிள்ளையின் சாயல் என்று யாருக்குத் தெரியும்? கண்டுபிடித்த இரண்டு பேரின் பெயரைச் சேர்த்து அந்த நோய்க்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வாயில் நுழைய ஒரு வருஷம் ஆனது.

அவளிடம் ரத்தம் எடுத்தார்கள், எங்கள் இரண்டு பேரிடமும் எடுத்தார்கள். ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களில் அவர் இன்னும் மெலிந்தார். தன் ரத்தத்தில்தான் கோளாறு என்று வரப்போகிறது என்றே இருந்தார். இடையில் ஒரு நாள் என்னிடம், "எங்கிட்டேருந்து வந்துதுன்னு சொன்னாங்கன்னா நீ உங்கம்மா ஊட்டுக்குப் போறதா இருந்தாலும் போ, நான் ஒன்னும் சொல்லமாட்டேன்" என்றார். "லூசு மாரி பேசாத" என்று எரிந்து விழுந்தேன். பழி உன் மேல் இல்லை என்று அந்த இடத்திலாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

ரிசல்ட் வந்த அன்று டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார். நம் உடம்பின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் குரோமோசோம் என்று ஜோடி ஜோடியாக இருக்கிறது. அதில்தான் உடம்பு எப்படி வளர வேண்டும், எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற குறிப்பெல்லாம் இருக்கிறது. மகளுக்குப் பதினேழாவது ஜோடியில் ஒன்றில் ஒரு சின்னப் பகுதி இல்லை. அந்தப் பகுதியில் இருக்கும் ஒரு ஜீன் தூக்கத்தின் நேரத்தைச் சரியாக வைத்திருக்கவும் வேண்டியது என்று நினைக்கிறார்கள், இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது என்றார். எல்லாருக்கும் இருட்டிய பிறகு மூளையில் தூக்கத்துக்கான ஒரு சுரப்பு ஊறும், விடிந்தால் வற்றிவிடும். இந்தக் குழந்தைகளில் நிறையப் பேருக்கு அது பகலில் ஊறுகிறது, ராத்திரியில் வற்றிப்போகிறது.

"பழக்கத்தால வந்தது இல்ல. அடம் இல்ல. அவளுக்கு மதியம் ஒரு மணிங்கறது நமக்கு ராத்திரி ஒரு மணி மாதிரி" என்றார்.

நான் என் நைட் ஷிப்ட் கதையைச் சொன்னேன். மாசமாக இருந்தபோது விழித்திருந்தது, பகலில் தூங்கியது எல்லாம். 'அவரால்' என்று ஆரம்பிக்க வாய் போனது, நிறுத்திக்கொண்டேன்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "நீங்க மாசமா இருக்கறது உங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடியே நடந்துபோனதும்மா இது. நீங்க முழிச்சதால வரல, அவரு வேலைக்குப் போனதால வரல. ரெண்டு பேரோட ரத்தத்துலயும் ஒரு குறையும் இல்ல. தற்செயலா நடந்தது, யாரு மேலயும் தப்பு இல்ல" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் இரண்டும்தான். அவர் அழவில்லை. தாளில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "அப்போ அவ ஒடம்பு திரும்பாதா மேடம்?"

"நீங்க சொல்ற மாதிரி திருப்ப முடியாதுப்பா. மருந்து இருக்கு, பாக்கலாம்."

"நாங்க மூணு மாசம் அவள பகல்ல தூங்கவே உடல மேடம்." அவர் குரல் உடைந்தது. "ராத்திரி ஒரு மணிக்கு மில்லுல தூக்கத்த அடக்கிகினு நிக்கிறது இன்னான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே எம்பொண்ண நிக்க வச்சிட்டேன்."

டாக்டரம்மா மகளின் கட்டுப்போட்ட கையை எடுத்து ஒரு தடவை தடவிக்கொடுத்தார்.

மருந்து பிறகு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பகல் சுரப்பை அடக்கக் காலையில் ஒரு மாத்திரை, ராத்திரிக்கு வேண்டியதைக் கொடுக்கச் சாயங்காலம் ஒரு மாத்திரை. இரண்டாவது இங்கே சுலபத்தில் கிடைக்காமல் டாக்டரம்மாதான் எங்கெங்கோ சொல்லி வரவழைத்தார். முழுக்கச் சரியாகவில்லை. ஆனால் மூன்று மணி ஐந்து மணியானது, மணிக்கட்டு ஆறியது. பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லி மதியம் படுக்க ஒரு பாய் போட்டோம். ஐந்து மணி என்றால் பால்காரர் எழுந்துகொள்ளும் நேரம்தானே, அதற்கு யாரும் நோய் என்று பெயர் வைக்க மாட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது ரிசல்ட் கிடைத்த அந்த நாளைப் பற்றி. ட்ரெயினில் திரும்பி வந்தபோது உச்சி வெயில். வழியெல்லாம் அவர் ஜன்னலைத் திறக்கவில்லை, அவள் அவர் மடியில் தூங்கினாள். ஸ்டேஷனில் இறங்கி நடந்ததில் விழித்துக்கொண்டவள், லைனுக்குள் வந்ததும் எங்கள் வாசலிலேயே உட்கார்ந்தாள். கண் சொருகியது. முதுகு மெதுவாகச் சுவர் பக்கம் போனது. பழக்க தோஷத்தில் அவர் வாயிலிருந்து "சாயா" என்று வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டார். அவளோ அந்தப் பாதி வார்த்தையைக் கேட்டதுமே அவ்வளவு தூக்கத்திலும் விறைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் அவள் முன்னால் குந்தினார். "சாஞ்சிக்கோமா" என்றார். அவள் நம்பவில்லை. அவரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காட்டினார், அவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அவள் இரண்டு கையாலும் தன்னைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷம் தூங்கிப்போனாள். உள்ளே தூக்கிப்போய்ப் பாயில் கிடத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறித் தாழ்ப்பாளில் கட்டினார்.

நாலாவது வீட்டுக்காரி குடத்தோடு வந்தவள், துண்டைப் பார்த்துவிட்டு வாசலில் நிற்கும் அவரையும் பார்த்தாள். "நீதான் இப்ப பகல் ஷிப்டாச்சே, யாரு தூங்கறது?" என்றாள் சத்தமாக.

"மெதுவா பேசு. நைட் ஷிப்ட் ஆளு தூங்குது" என்றார்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் நகர்ந்தாள். அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் டீ வாங்கிவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அதான் டாக்டரம்மா சொல்லிட்டாங்களே, யாரு மேலயும் தப்பு இல்லன்னு. இன்னும் ஏன்யா மூஞ்சிய இப்டி வச்சிகினு கீற?" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. மேஸ்திரி முகமும் இல்லை.

"டாக்டரம்மா சொன்னாங்க. நீ சொல்லலியேமே" என்றார்.

எட்டு வீடும் கேட்கத்தான் அன்றைக்கு அந்தப் பழியைப் போட்டேன். அதை எட்டு வீடும் கேட்கத்தான் திரும்ப எடுத்திருக்க வேண்டும், எனக்கு அதற்கான தொண்டையும் இருந்தது. அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குப் படுக்கச் சொன்னது, நான் வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். உன் மேல் தப்பில்லை, பழி போட்டது என் தப்பு என்று சொன்னேன். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னேன். கதவில் துண்டு கட்டியிருந்தது.